சவலைக் குழந்தையைக் காப்பாற்றும் வழி: கைச்சுற்றளவு நாடாவிலிருந்து மாவட்டத் திட்டம் வரை

இறப்புச் சான்றிதழில் காரணமாக 'ஊட்டச்சத்துக் குறைபாடு' என்று எழுதப்படுவது அபூர்வம். வயிற்றுப்போக்கு, நிமோனியா, தட்டம்மை, காய்ச்சல் என்றுதான் எழுதுவார்கள். ஆனால் உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாவில் சத்துக் குறைவுக்குப் பங்கு உண்டு. நல்ல எடையுள்ள குழந்தை மூன்று நாள் பேதியில் வாடி நான்காம் நாள் எழுந்து விளையாடும். அதே பேதியை நோஞ்சான் குழந்தை தாங்காது.

அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், புதிதாகப் பணியில் சேர்ந்த மருத்துவர், வட்டார அளவில் திட்டம் போடுபவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். பெற்றோரும் படிக்கலாம். ஆனால் மருத்துவமனைப் பகுதியில் உள்ள அளவுகளை வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது.

படி 1: எது எதைக் கொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று நிலைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதது குட்டை வளர்ச்சி. நெடுநாள் பற்றாக்குறையின் தடம் அது. உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதது மெலிவு. சில வாரங்களுக்குள்ளேயே வந்துவிடும். வயதுக்கு ஏற்ற எடை இல்லாதது இரண்டும் கலந்தது. உடனடியாக உயிரைப் பறிப்பது மெலிவு. கடுமையாக மெலிந்த குழந்தை இறக்கும் வாய்ப்பு, நல்ல ஊட்டத்தில் இருக்கும் குழந்தையைவிடச் சுமார் 11 மடங்கு.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, வீக்கம். தாய் அடுத்த பிள்ளை உண்டானதால் பால்குடி மறந்து வாடும் குழந்தையைச் 'சவலை' என்கிறோம். 1930-களில் கோல்ட் கோஸ்ட்டில் (இன்றைய கானா) வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், கால் வீங்கி, முடி செம்பட்டையாகி வந்த குழந்தைகளின் நோய்க்கு அந்த ஊர் கா மொழியில் இருந்த பெயரையே மருத்துவ உலகுக்குக் கொடுத்தார்: குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை வந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. ஆப்பிரிக்கப் பாட்டியும் நம் ஊர்ப் பாட்டியும் ஒரே விஷயத்தைக் கவனித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நோயும் பசியும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சத்துக் குறைந்தால் குடலின் உட்சுவர் மெலிகிறது, நோய் எதிர்ப்பு தளர்கிறது, கிருமி எளிதில் தொற்றுகிறது. தொற்று வந்தால் பசி அடங்கி, தின்றதும் பேதியாகப் போய், இருக்கிற சதையும் கரைகிறது. ஸ்கிரிம்ஷா, டெய்லர், கார்டன் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1968-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார்கள். சோறு மட்டும் கொடுத்தாலும், மருந்து மட்டும் கொடுத்தாலும் குழந்தை தேறாமல் போவது இதனால்தான்.

படி 2: சரியாக அளவெடுங்கள்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. பார்வையால் மதிப்பிட வேண்டாம். முகம் உப்பியிருக்கும் குழந்தையைக் 'கொழுகொழு' என்று சொல்லி அனுப்பிவிடுவதும், பரம்பரையாகவே ஒல்லி என்று விட்டுவிடுவதும் ஒரே மாதிரி ஆபத்து.

கைச்சுற்றளவு: 6 மாதம் முதல் 59 மாதம் வரை. இடது கையை முழங்கையில் மடக்கித் தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுப்புள்ளியைக் குறியுங்கள். பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டு அந்தப் புள்ளியில் நாடாவைச் சுற்றுங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. நாடாவை இறுக்கினால் 12 செ.மீ. கை 11.4 ஆகத் தெரியும், தொளதொளவென்று விட்டால் 11.3 செ.மீ. கை 11.8 ஆகிவிடும். இந்தச் சில மில்லிமீட்டரில்தான் ஒரு குழந்தை சிகிச்சைப் பட்டியலுக்குள் வருவதும் விடுபடுவதும். சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றினால் போதாது, சட்டையைக் கழற்றிவிடுங்கள்.

எடை: தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, 100 கிராம் வரை துல்லியமாகப் படிக்க வேண்டும். கொலுசு, காப்பு, அரைஞாணில் கோத்த தாயத்து, ஈர ஜட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு ஜோடிக் கனமான கொலுசே ஒரு மாத எடை உயர்வைப் போலியாகக் காட்டிவிடும். கழற்ற வீட்டார் தயங்கினால் மாதாமாதம் அதே நகையோடு போட்டு, அதைப் பதிவேட்டில் குறித்துவிடுங்கள்.

உயரம்: இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து, அதற்கு மேல் நிற்க வைத்து. இரண்டுக்கும் 0.7 செ.மீ. வித்தியாசம் வரும். நிற்க மறுக்கும் இரண்டரை வயதுக் குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால் 0.7-ஐக் கழித்துவிட்டு எழுதுங்கள். படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும். தனியாளாகச் செய்தால் முழங்கால் மடங்கி உயரம் குறையும், குழந்தை இருப்பதைவிடக் குண்டாகத் தெரியும்.

வீக்கம்: இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி நின்றால், தராசு என்ன காட்டினாலும் அது கடுமையான குறைபாடு. தேங்கிய நீரும் எடையாகத்தான் காட்டும் என்பதால் எடை அட்டை இங்கே ஏமாற்றும்.

படி 3: யார் வீட்டில், யார் மருத்துவமனையில்

கைச்சுற்றளவு 11.5 செ.மீ.-க்குக் கீழே, அல்லது உயரத்துக்கான எடை உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அட்டவணையில் மைனஸ் 3 திட்ட விலக்கத்துக்கு (நடுமதிப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு) கீழே, அல்லது இரு பாத வீக்கம்: இவற்றில் ஒன்று இருந்தாலே கடுமையான குறைபாடு. 11.5 முதல் 12.5-க்குள் இருந்தால், அல்லது மைனஸ் 3-க்கும் மைனஸ் 2-க்கும் நடுவே இருந்தால் மிதமானது. கை அளவும் எடை அளவும் எப்போதும் ஒரே குழந்தைகளைக் காட்டுவதில்லை. ஆகவே ஒன்று சரியாக இருக்கிறது என்று மற்றதை விட்டுவிட வேண்டாம்.

கடுமையான குறைபாடு என்று தெரிந்ததும் அடுத்தது பசிச் சோதனை. அமைதியான இடத்தில், தாய் மடியில் வைத்து, சிகிச்சை உணவை (படி 4-ல் சொல்லும் நிலக்கடலை விழுது) குழந்தை தானாக விரும்பிச் சாப்பிடுகிறதா என்று பாருங்கள். வாயைப் பிளந்து ஊட்டினால் அது சோதனை ஆகாது. ஆசையாகச் சாப்பிட்டு, காய்ச்சல், மூச்சிரைப்பு, விடாத வாந்தி, நீர்வற்றல், கடும் ரத்தசோகை, துவண்ட நிலை எதுவும் இல்லையென்றால் வீட்டிலேயே தேற்றலாம். சாப்பிட மறுத்தாலோ மேற்சொன்னவற்றில் ஒன்று இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பசிச் சோதனை கிடையாது. தாய்ப்பால் ஊட்டும் முறையையும் தாயின் உடல்நிலையையும் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.

'பட்சி தோஷம்', 'உரம் விழுந்திருக்கு' என்று வீட்டார் சொன்னால் மறுத்துச் சண்டை போடாதீர்கள். மந்திரிக்கப் போவதாக இருந்தால் போகட்டும், மருத்துவமனைக்கு முதலில் போகட்டும். ஆனால் உரம் எடுக்கிறேன் என்று தலைகீழாகப் பிடித்து உலுக்குவதை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள்.

படி 4: வீட்டில் தேற்றுவது

நிலக்கடலை விழுது, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின் தாதுக் கலவை சேர்ந்த சிகிச்சை உணவு 1996-ல் பிரான்சில் உருவானது. தண்ணீர் கலக்கத் தேவையில்லாததால் அதில் கிருமி வளர்வது அரிது. குடிநீர் சரியில்லாத வீட்டில் இது பெரிய விஷயம். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கிலோ கலோரி. 2005-ல் நைஜரில் பல்லாயிரம் குழந்தைகளுக்கு வார்டில் படுக்க வைக்காமலே இதைக் கொடுத்துத் தேற்ற முடிந்தது. 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பிற ஐ.நா. அமைப்புகளும் இம்முறையைக் கூட்டாக ஏற்றன. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்திலும் கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இது தரப்படுகிறது.

அளவு: ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 150 முதல் 185 கிலோ கலோரி. 6.5 கிலோ குழந்தைக்குச் சுமார் 975 முதல் 1,200 வரை, அதாவது நாளுக்கு 2 முதல் 2½ பொட்டலம். ஒரே வேளையில் தீர்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு முதலில் பால், பிறகு இது. விழுது கெட்டி என்பதால் குடிக்கக் காய்ச்சி ஆறிய தண்ணீர் தனியாக வேண்டும். இதனுடன் அமாக்ஸிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் மருத்துவர் சொல்லும் அளவில். குழந்தை தெம்பாகத் தெரிந்தாலும் உள்ளே தொற்று மறைந்திருக்கலாம். கடும் குறைபாட்டில் உடலுக்குக் காய்ச்சலை எழுப்பும் சக்தியே இருப்பதில்லை.

எடை ஏறவில்லையா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வீட்டில் வேறு எத்தனை பிள்ளைகள்? இனிப்பான பொட்டலத்தை அண்ணனும் அக்காவும் பங்கு போட்டுக்கொள்வது இயல்பு. தாயைத் திட்டிப் பயனில்லை. மற்ற பிள்ளைகளுக்கும் சத்துமாவு கிடைக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் ஏறவில்லை என்றால் காசநோய், எச்.ஐ.வி., பிறவி இதயக் கோளாறு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

படி 5: மருத்துவமனையின் முதல் 48 மணி நேரம்

ஆஷ்வொர்த், ஸ்கோஃபீல்டு என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996-ல் பழைய பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடுமையான குறைபாட்டோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் 20 முதல் 30 சதவீதம் பேர் இறப்பது 1950-களிலிருந்து மாறவே இல்லை என்று தெரிந்தது. புது மருந்து இல்லாமல் போனது காரணமில்லை, தவறான வைத்தியம்தான். அந்தத் தவறுகள் இன்றும் நடப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதல் தவறு, பார்த்ததும் சலைன் ஏற்றுவது. மெலிந்த குழந்தைக்குக் கண் எப்போதும் குழிந்துதான் இருக்கும், தோலைக் கிள்ளினால் மெதுவாகத்தான் மடிப்பு விரியும். அதை நீர்வற்றல் என்று நினைத்து வேகமாக நீர் ஏற்றினால் மெலிந்த இதயம் தாங்காது. சில மணி நேரத்தில் மூச்சிரைத்துப் போய்விடும். ரத்த நாளம் வழியாக நீர் கொடுப்பது அதிர்ச்சி நிலையில் (ரத்த ஓட்டம் சரிந்து உயிர் ஊசலாடும் நிலை) மட்டும். பேதி இருந்தால் சோடியம் குறைவாகவும் பொட்டாசியம் கூடுதலாகவும் உள்ள தனிக் கரைசலை வாய் வழியாக, முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை கிலோவுக்கு 5 மி.லி. வீதம் கொடுக்க வேண்டும். நாடித்துடிப்பும் மூச்சும் கூடினால் உடனே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, சர்க்கரை இறங்குவதையும் உடல் குளிர்வதையும் கவனிக்காதது. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 54 மி.கி.-க்குக் கீழே போனால், விழிப்போடு இருக்கும் குழந்தைக்கு 10 சதவீதக் குளுக்கோஸ் 50 மி.லி. வாய்வழியாக. சோதனை செய்ய வசதி இல்லையென்றால் இறங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டு கொடுக்கலாம். அக்குள் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் தாயின் நெஞ்சோடு தோல் படச் சேர்த்து, தலையை மூடுங்கள். வந்தவுடன் குளிப்பாட்டுவது, மின்விசிறிக்கு நேர் கீழே கட்டில் போடுவது இரண்டும் வேண்டாம்.

மூன்றாவது, ஒரேயடியாக ஊட்டுவது. பட்டினியில் உடல் தன் எந்திரங்களைப் பாதி நிறுத்தி வைத்திருக்கிறது. திடீரென்று புரதமும் கலோரியும் கொட்டினால் ரத்தத்திலிருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள் பாய்ந்து, இதயம் நின்றுபோகலாம். அதனால் முதலில் எஃப்-75 பால்: 100 மி.லி.-யில் 75 கிலோ கலோரி, 0.9 கிராம் புரதம். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 130 மி.லி.; வீக்கம் அதிகமானால் 100 மி.லி. அதே 6.5 கிலோ குழந்தைக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை சுமார் 70 மி.லி. இரவு 12 மணி, 2 மணி, 4 மணி வேளைகளும் இதில் அடக்கம். விடிகாலைச் சாவுகள் பலவற்றுக்குப் பின்னால் விடுபட்ட இரவுப் பால் இருக்கிறது. வார்டில் இரவுப் பணிக்கு ஒரே செவிலியர் என்றால், அட்டவணையைத் தாய்க்கும் பாட்டிக்கும் விளக்கிப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

ஆயத்தப் பொடி இல்லையெனில் ஒரு லிட்டருக்குப் பசும்பால் 300 மி.லி., சர்க்கரை 100 கிராம், எண்ணெய் 20 கிராம், தாதுக் கரைசல் 20 மி.லி., மீதி காய்ச்சி ஆறிய நீர். பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கியதும் (வழக்கமாக 2 முதல் 7 நாள்) அதே அளவில் எஃப்-100 பாலுக்கு (100 மி.லி.-யில் 100 கிலோ கலோரி) மாற்றி, இரண்டு நாள் கழித்து வேளைக்கு 10 மி.லி. வீதம் கூட்டலாம். நாளுக்குக் கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல் எடை ஏறினால் நன்று. 5-க்குக் கீழே என்றால் எங்கோ கோளாறு.

நான்காவது, இரும்புச்சத்து. குழந்தை வெளுத்திருக்கிறதே என்று முதல் நாளே டானிக் எழுதிவிடுகிறார்கள். தொற்று இருக்கும்போது இரும்பு அதைக் கிளப்பிவிடும். எடை ஏறத் தொடங்கிய பிறகுதான் அது. ஆன்டிபயாடிக்கோ எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே.

படி 6: திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது

கைச்சுற்றளவு 12.5 செ.மீ.-யைத் தொட்டு அல்லது உயரத்துக்கான எடை மைனஸ் 2-ஐ எட்டி, இரண்டு வாரமாக வீக்கம் இல்லையென்றால் சிகிச்சையை முடிக்கலாம். அதன் பிறகு வீட்டுச் சாப்பாடுதான். இங்கே நீர்த்த கஞ்சி பெரிய எதிரி. குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 கிராம் உணவுதான் கொள்ளும். 7 கிலோ குழந்தைக்கு ஒரு டம்ளர் அளவு. அதில் பாதிக்கு மேல் தண்ணீராக இருந்தால் எத்தனை வேளை கொடுத்தும் பயனில்லை. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதம் வேண்டும். முளைகட்டி வறுத்து அரைத்த கேழ்வரகு மாவு சிறிது சேர்த்தால் கெட்டிக் கூழும் தண்ணீர் விடாமலே இளகும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ 45 கிலோ கலோரி சேர்க்கும். தாய்ப்பாலுக்கு மேல் 6–8 மாதத்தில் நாளுக்குச் சுமார் 200, 9–11 மாதத்தில் 300, ஒன்று முதல் இரண்டு வயதில் 550 கிலோ கலோரி இணை உணவிலிருந்து வர வேண்டும்.

பேதி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேல் 20 மி.கி., கீழே 10 மி.கி. பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவது பொதுவான வழக்கம். 14 நாளும் கொடுக்கச் சொல்லுங்கள்.

படி 7: எண்களிலிருந்து திட்டத்துக்கு

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21-ன்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 சதவீதம் குட்டை வளர்ச்சி, 19.3 மெலிவு, 7.7 கடும் மெலிவு. தமிழ்நாட்டில் இவை 25, 14.6, 5.5. ஆயிரம் பிறப்புக்கு ஐந்து வயதுக்குள் இறப்பு இந்தியாவில் 41.9, தமிழ்நாட்டில் 22.3. கவனியுங்கள்: இந்தியாவோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் இறப்பு ஏறக்குறைய பாதிதான், ஆனால் மெலிவு அந்த அளவுக்குக் குறைவாக இல்லை. பிரசவம், தடுப்பூசி, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு எல்லாம் தமிழ்நாட்டுக் குழந்தைகளைப் பிழைக்க வைக்கின்றன. தட்டு இன்னும் நிறையவில்லை.

வட்டாரத் திட்டத்துக்கு ஒரு கணக்கு. 6–59 மாதக் குழந்தைகள் 10,000, கடும் மெலிவு 5.5 சதவீதம் என்றால் இன்று 550 பேர். ஆனால் ஆண்டு முழுக்கப் புதிதாக விழுபவர்களையும் சேர்க்க 2.6-ஆல் பெருக்குவது வழக்கம்: 1,430. அதில் பாதிப் பேரை எட்டுவது இலக்கு என்றால் 715. ஒருவருக்குச் சுமார் 150 பொட்டலம், அதாவது ஒரு பெட்டி. 550 பெட்டி வாங்கி வைத்துவிட்டு, ஆண்டு முடியும் முன்பே தீர்ந்துவிட்டது என்று கையைப் பிசைவது இந்த 2.6 தெரியாததால்தான். திட்டம் நடக்கும்போது பார்க்க வேண்டியவை: தேறியவர்கள் 75 சதவீதத்துக்கு மேல், இறந்தவர்கள் 10-க்குக் கீழே, பாதியில் நின்றவர்கள் 15-க்குக் கீழே.

இதோடு நிறுத்தினால் ஒரு பெரிய ஓட்டை விழும். பெல்லட்டியரும் சக ஆய்வாளர்களும் 1995-ல் வெளியிட்ட கணக்கில், வளரும் நாடுகளில் சத்துக் குறைவோடு தொடர்புடைய குழந்தைச் சாவுகளில் 83 சதவீதம் லேசான, மிதமான குறைபாடு உள்ளவர்களிடம் நடந்தவை. காரணம் எளிது: அவர்களுக்குத் தனித்தனியாக ஆபத்து குறைவு, ஆனால் எண்ணிக்கை மிக அதிகம். கடுமையானவர்களை மட்டும் தேடும் திட்டம் சாவின் பெரும்பங்கைத் தொடாமலே போகும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பழைய பாடம் உண்டு. 1980-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6–36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். மெலிந்த பிறகு சோறு போடுவதற்குப் பதிலாக, எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு உடனே 90 நாள் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்தம். அட்டையில் கோடு படுத்தாலே மணி அடிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் பார்வையில் அதன் மிகப் பெரிய சொத்து சத்துருண்டையைவிட அந்த மாதாந்தரத் தராசுதான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை அங்கன்வாடிக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடாது, மாவை வீட்டுக்குத்தான் எடுத்துப் போவார்கள். அந்த வயதில்தான் மெலிவு கடுமை. ஆகவே வீடு தேடிப் போய் எடை போடாமல் இது நடக்காது.

உணவு மட்டுமே கொள்கை என்று இருந்துவிடவும் கூடாது. திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 1990-ல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்த குழுவில் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. இன்று ஒன்பதாம் மாதம் ஒரு லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் என்று ஐந்து வயது வரை கொடுப்பது வழக்கமான பணி. மருந்து வராத மாதம் பதிவேட்டில் வெறும் கட்டமாக இருக்கட்டும், பொய் டிக் வேண்டாம்.

உரிமையையும் தெரிந்து வையுங்கள். 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதில் இருந்த அளவு: ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை நாளுக்கு 500 கிலோ கலோரி, 12–15 கிராம் புரதம். ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்கு 800 கிலோ கலோரி, 20–25 கிராம் புரதம். கிராம சபையில் கேட்கும்போது 'சத்துமாவு சரியா வரலை' என்பதைவிட இப்போதைய எண்களைத் தெரிந்துகொண்டு, அவற்றைச் சொல்லிக் கேட்டால் பதில் வரும்.

படி 8: ஒரு குழந்தை இறந்துவிட்டால்

குழந்தை இறப்புத் தணிக்கையில் கடைசி நோயோடு கேள்வியை முடித்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போகும்போது எடை அட்டையைக் கேட்டு வாங்கி, கடைசியாக எடை போட்ட தேதி, அதற்கு முந்தைய மூன்று எடைகள், கைச்சுற்றளவு, கடைசி வைட்டமின் ஏ, தாயின் அடுத்த கர்ப்பம் எத்தனை மாதம் என்று குறியுங்கள். மூன்று மாதம் ஒரே எடை எழுதப்பட்டிருந்தால் இரண்டில் ஒன்று: குழந்தை வளரவில்லை, அல்லது யாரும் எடை போடவில்லை. அதே அங்கன்வாடிப் பதிவேட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் எடையும் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், மறுநாள் காலை தராசை எடுத்துக்கொண்டு அந்தத் தெரு முழுக்க அளவெடுங்கள்.